அறுகோண ஒட்டுத்துணிப் போர்வை: தாள் வைத்துக் கையால் தைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துணிக்குள் தாளை வைத்து மடித்து, அந்த மடிப்புகளைக் கையால் இணைத்துப் போர்வை தைக்கும் முறைக்கு இங்கிலீஷ் பேப்பர் பீசிங் என்று பெயர். புதிதாகத் தொடங்குபவர்களும் பாதியில் தடுமாறி நிற்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: இந்த வேலையில் கண்டிப்பு தாளிடம் இருக்க வேண்டும். தாள் சரியாக இருந்தால், கை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் போர்வை நேராக வரும்.

துணியை வெட்டி நேரடியாகத் தைத்துவிட்டால் என்ன? தாள் எதற்கு?

சதுரத் துண்டுகள் என்றால் தாள் தேவையே இல்லை. நேர்கோட்டில் தைத்துக்கொண்டே போகலாம். அறுகோணத்தில் மூன்று துண்டுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஒவ்வொரு மூலையும் 120 பாகை. மூன்றும் சேர்ந்து 360. எந்தத் தையலும் ஒரு பக்க நீளத்தைத் தாண்டி நேராக ஓடாது. ஒவ்வொரு மூலையிலும் திரும்ப வேண்டும். தாள் இல்லாமல் திரும்பும்போது துணி இழுபடும், மூலை சுருங்கும். அறுகோணத் துண்டை எந்தப் பக்கமாக வெட்டினாலும் சில விளிம்புகள் கிராஸாக, அதாவது துணியின் இழையோட்டத்துக்குச் சாய்வாகத்தான் அமையும். கிராஸ் விளிம்பு விரல் பட்டாலே நீளும்.

தாளின் மேல் மடித்துவிட்டால் அந்த நீட்சி நின்றுவிடுகிறது. வெட்டிய விளிம்பு கோணலாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் நாம் இணைப்பது மடிப்போடு மடிப்பைத்தான். அந்த மடிப்பு எங்கே விழும் என்பதைத் தாள்தான் முடிவு செய்கிறது.

இது எவ்வளவு பழைய முறை?

பிரிட்டனில் ஆண்டு பொறிக்கப்பட்ட ஒட்டுவேலை விரிப்புகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது 1718-ஐச் சேர்ந்த ஒரு பட்டு விரிப்பு. அதுவும் தாள் வைத்துத் தைத்ததுதான். அமெரிக்காவில் கோடீஸ் லேடீஸ் புக் என்ற மாத இதழ் 1835-இல் அறுகோண ஒட்டுவேலைக்கான செய்முறையை வெளியிட்டது. 1920-களிலும் 30-களிலும் அங்கே ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்ற வடிவம் வீடுவீடாகப் பரவியது: நடுவில் பெரும்பாலும் மஞ்சள், சுற்றிலும் பூப்போட்ட துணி, பூக்களுக்கு நடுவே பாதை போல வெள்ளையோ பச்சையோ.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த சிறுமிகள், அங்கே ரகசியமாகச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார்கள். கிடைத்த கிழிசல்களையெல்லாம் அறுகோணங்களாக்கி, தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு போர்வை தைக்க முனைந்தார்கள். அது இன்று லண்டனில் உள்ள இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. ஊசி, நூல், கிழிசல் துணி, கொஞ்சம் பொறுமை. இந்த வேலை நம்மிடம் கேட்பது அவ்வளவுதான்.

‘ஒரு அங்குல அறுகோணம்’ என்றால் எதை அளப்பது?

பக்கத்தின் நீளத்தை. குறுக்களவை அல்ல. இது தெரியாமல் தாள் வாங்கியோ அச்சிட்டோ ஏமாறுபவர்கள் நிறைய. பக்கம் 1 அங்குலம் என்றால், முனையிலிருந்து எதிர் முனைக்கு 2 அங்குலம். பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு ஏறக்குறைய 1.73 அங்குலம்.

எந்த அளவில் தொடங்கலாம்?

1 அங்குலம் அல்லது 1¼ அங்குலம். முக்கால் அங்குலத்துக்குக் கீழே போனால் மடிப்பதே சிரமம். 2 அங்குலத்துக்கு மேலே போனால் நீண்ட பக்கங்களில் துணி தாளைவிட்டு விலகி நிற்கும். துணியைத் தாளோடு பிடிக்கும் தற்காலிகத் தையலைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

ஒரு முழுப் போர்வைக்கு எத்தனை துண்டுகள் வேண்டும்?

கணக்கைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 60-க்கு 80 அங்குலம் உள்ள போர்வைக்கு, 1 அங்குல அறுகோணம் என்றால் ஏறத்தாழ 1,850 துண்டுகள். 1½ அங்குலம் என்றால் சுமார் 820. 2 அங்குலம் என்றால் 460-ஐ ஒட்டி வரும்.

தைக்க வேண்டிய நீளத்தையும் பாருங்கள். ஒரு அறுகோணத்துக்கு ஆறு பக்கங்கள்; ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு துண்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆக, துண்டு ஒன்றுக்கு மூன்று பக்கத் தையல். 1 அங்குல அளவில் மொத்தம் ஏறக்குறைய 140 மீட்டர் தையல்! அளவை இரண்டு மடங்காக்கினால் அது பாதியாகிவிடும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முதல் வேலையாக மெத்தை அளவுப் போர்வையை எடுத்துக்கொண்டு மனம் சோர்ந்து போவதைவிட, தலையணை உறையோ குழந்தைப் போர்வையோ தொடங்கி முடித்துப் பார்ப்பது மேல் என்பதற்காகச் சொல்கிறேன். 36 அங்குலச் சதுரத்துக்கு 1 அங்குல அறுகோணம் 500 போதும்.

துணி எவ்வளவு வாங்க வேண்டும்?

1 அங்குல அறுகோணத்துக்கு 2½ அங்குலச் சதுரம் வெட்டுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் மடிக்க இடம் கிடைக்கும். 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு சுமார் 255 சதுரங்கள் வரும். மேலே சொன்ன பெரிய போர்வைக்கு ஏழே கால் மீட்டர் ஆகிறது. போர்வையின் பரப்பை மட்டும் கணக்கிட்டால் மூன்று மீட்டர் கூட வராது. மிச்சமெல்லாம் உள்மடிப்புக்கும் மூலைகளுக்கும் போகிறது. சிறிய துண்டு துணியை மிச்சப்படுத்தும் என்று நினைப்போம். உண்மையில் துண்டு சிறிதாகச் சிறிதாகத் துணி கூடுதலாகவே செலவாகும். வீட்டில் கிடக்கும் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துத் தைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சதுரத்தை அறுகோணமாக நறுக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டியதில்லை. முனைகளில் மிகுதி அதிகமாக இருந்தால் மட்டும் லேசாக நறுக்குங்கள்.

எந்தத் துணி நல்லது?

நெருக்கமாக நெய்த, நடுத்தர கனமுள்ள பருத்தித் துணி. மடித்தால் மடிப்பு நிற்க வேண்டும், அதுதான் சோதனை. பழைய சட்டைத் துணி அருமையாக வரும், நன்றாகத் துவைத்துப் பழகிய துணி என்பதால் இனிச் சுருங்காது. பனியன் துணி போல நீளும் துணி வேண்டாம். பட்டு தைக்கலாம், ஆனால் பசை வைக்காதீர்கள், கறை தங்கும். ஒரே போர்வையில் மெல்லிய துணியையும் தடித்த துணியையும் அடுத்தடுத்து வைத்தால் மெல்லியதுதான் முதலில் கிழியும்.

புதுத்துணியை முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். அடர் சிவப்பு, கருநீலம் போன்றவற்றை ஈரமாக்கி வெள்ளைத் துணிமேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒட்டாமல் வரும்வரை அலசுங்கள். அப்படியும் நிற்காத சாயத் துணியை இந்தப் போர்வையில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. அத்தனை கைவேலையை ஒரு துண்டின் சாயத்துக்குப் பலி கொடுக்க வேண்டாம்.

தாள் எப்படி இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

சாதாரண நகல் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அது ஒரு முறைக்குத் தாங்கும், மடிக்கும்போது விளிம்பு நசுங்கும். 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரையுள்ள தாள் பொருத்தமானது. விளிம்பு கூர்மையாக நிற்கும், பல முறை பயன்படுத்தலாம். அட்டையாக இருந்தால் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கவும், பின்னால் மடக்கித் தைக்கவும் கஷ்டம்.

வீட்டிலேயே வரைவதானால் ஸ்கேலைவிடக் கவராயத்தை நம்புங்கள். கவராயத்தை 1 அங்குலத்துக்கு விரித்து ஒரு வட்டம் போடுங்கள். அதே விரிப்பில், வட்டத்தின் மேலேயே அடுத்தடுத்துப் புள்ளி வைத்துக்கொண்டு போனால் ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். புள்ளிகளை இணைத்தால் பிசகில்லாத அறுகோணம் கிடைக்கும். அதைத் தடித்த பிளாஸ்டிக்கில் வெட்டி மூல அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாள்களையும் அந்த மூல அச்சிலிருந்தே வரைய வேண்டும். வெட்டிய தாளை வைத்து அடுத்த தாளை வரையத் தொடங்கினால், ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்கு வடிவம் பெருத்துக்கொண்டே போகும்.

ஒரு தாள் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்படி முப்பது தாள்கள் ஒரு வரிசையில் சேர்ந்தால் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். அப்போது பக்கத்து வரிசையோடு அது பொருந்தாது, நடுவில் கூடாரம் போல உப்பிக்கொண்டு நிற்கும். தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தும் சரியாகவில்லை என்று வருந்துபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “தாளை அளந்து பார்த்தீர்களா?” என்பதுதான்.

கணினியில் அச்சிட்டால், அளவை 100 சதவீதம் என்று வைத்து ஒரு பக்கம் மட்டும் முதலில் எடுத்து அளந்து பாருங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பு இருந்தால் அச்சு இயந்திரம் வடிவத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். இங்க்ஜெட் மை, நீராவி இஸ்திரி பட்டால் வெளிர்த் துணியில் ஏறலாம். அதனால் கோடுகள் மிக மெல்லியதாக, சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். தயாராக வெட்டி விற்கும் தாள்களும் உண்டு. காசு செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள், மற்ற கருவிகளுக்கு வேண்டாம்.

தாளின் நடுவில் பஞ்ச் மெஷினால் ஒரு துளை போட்டுவைத்தால், பின்னால் குச்சியால் நெம்பி எடுக்க வசதியாக இருக்கும்.

துணியைத் தாளோடு நிறுத்த நூலா, பசையா?

இரண்டும் சரிதான். நூல் என்றால் கச்சா தையல்: மடித்த விளிம்பில், தாளையும் சேர்த்துப் பெரிய பெரிய ஓட்டாக ஆறு பக்கமும் போட்டு, பிறகு பிரித்தெடுப்பது. 1½ அங்குலத்துக்கு மேற்பட்ட துண்டுகளுக்கு இது உறுதி.

சிறிய துண்டுகளுக்கு எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு மூலையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் துணி மடிப்பை மட்டும், தாளைக் குத்தாமல், இரண்டு சிறு தையலில் பிடிப்பது. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நூல் பின்பக்கமாகவே போகும். இந்த நூலைப் பிரிக்கவே வேண்டாம், உள்ளேயே இருந்துவிடும். தாளில் துளை விழாது.

நீரில் கரையும் பசைக் குச்சி வேகமானது. தாளின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி மெல்லிய கோடாகத் தடவுங்கள். விளிம்பிலேயே தடவினால் ஊசி ஒட்டும், தாளைப் பிரிக்கும்போது துணியின் இழையும் சேர்ந்து வரும்.

எந்த முறையானாலும் துணி தாளைத் தொட்டு இறுக்கமாக நிற்க வேண்டும். தாள் வளையும் அளவுக்கு இழுத்தால் அறுகோணம் சிறுத்துவிடும். தளர்வாக விட்டால் பெருத்துவிடும்.

ஊசியும் நூலும்?

மெல்லிய ஊசி, 10 அல்லது 11-ஆம் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும். நூல் 50 அல்லது 60 எண்ணில் மெல்லிய பருத்தி, அல்லது நல்ல பாலியஸ்டர். 18 அங்குலத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். நீள நூல் ஊசிக் காதிலேயே தேய்ந்து நைந்துபோகும், முடிச்சும் விழும்.

நிறம் என்றால் நடுத்தரச் சாம்பல் நிறம் பல துணிகளோடு ஒத்துப்போகும். வெளிர்த் துணியும் அடர்த் துணியும் சேரும் இடத்தில் அடர் நிறத்துக்கு ஏற்ற நூலை எடுங்கள்.

இரண்டு துண்டுகளை இணைப்பது எப்படி?

நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து மூலைகளைச் சரியாகப் பொருத்துங்கள். மூலையிலிருந்து சற்று உள்ளே தொடங்கி, முதலில் மூலையை நோக்கி இரண்டு மூன்று தையல், பிறகு திரும்பி மறுமுனை வரை. அங்கேயும் இரண்டு தையல் பின்னால் வாருங்கள். முனைகள் இப்படிப் பூட்டப்பட்டால் வருஷக்கணக்கில் விடாது.

தையல் என்பது மடிப்பின் உச்சியைச் சுற்றிச் சுற்றிப் போகும் எளிய தையல்தான். ஒவ்வொரு மடிப்பிலும் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி அள்ள வேண்டும். தாளில் பட்டால் ஊசி முனையில் ஒரு தடை தெரியும். உடனே சற்று மேலே ஏற்றிக் குத்துங்கள். அங்குலத்துக்குப் பதினைந்து, பதினாறு தையல் இருந்தால் நல்ல உறுதி. அதைவிடக் கூடினால் தவறில்லை. பத்துக்குக் குறைந்தால் இழுபடும் இடங்களில் வாய் பிளக்கும்.

மூன்றாவது துண்டு வரும் மூலையில் எப்படித் திரும்புவது?

புதியவர்கள் பயப்படும் இடம் இது. பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு துண்டுகளை இணைத்த பிறகு, நடுவே உள்ள பள்ளத்தில் மூன்றாவதை வைத்து ஒரு பக்கத்தைத் தையுங்கள். மூலைக்கு வந்ததும் நூலை அறுக்காமல், பக்கத்துத் துண்டை நடுவில் மடக்கி அடுத்த பக்கத்தை இந்தப் பக்கத்தோடு பொருத்துங்கள். உள்ளே இருக்கும் தாள் மடங்கட்டும், கெட்டுப்போகாது. மூன்று முனைகளும் சேரும் புள்ளியில் ஒரு தையல் கூடுதலாகப் போட்டுவிட்டு மேலே போங்கள். பின்பக்கமிருந்து வெளிச்சம் பிடித்துப் பார்த்து அங்கே ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தால், அந்தக் கூடுதல் தையல் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

முன்பக்கத்தில் தையல் தெரிகிறதே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: ஆழமாகக் குத்துகிறீர்கள், நூலை இறுக்கி இழுக்கிறீர்கள், அல்லது நூல் தடிமனாக இருக்கிறது. மூன்றையும் சரிசெய்தும் திருப்தி இல்லையென்றால், துண்டுகளை முகத்தோடு முகம் சேர்க்காமல் பக்கத்தில் பக்கமாகப் படுக்கவைத்து, பின்பக்கமிருந்து தைத்துப் பாருங்கள். தையல் ஏறக்குறைய மறைந்துவிடும். வேகம் குறையும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: கையால் தைத்ததில் கைத்தையல் அங்கங்கே தெரிவது குறையில்லை. உறுதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பூக்களாகத் தைப்பதா, வரிசையாகத் தைப்பதா?

பூக்களாக. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, மொத்தம் ஏழு. அடுத்த சுற்றுக்கு 12, அதற்கடுத்து 18 என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூடும். ஒவ்வொரு பூவும் உள்ளங்கைக்குள் அடங்கும், பைக்குள் போட்டு எங்கும் எடுத்துப் போகலாம், ஒன்று முடிந்ததும் முடித்த நிறைவும் கிடைக்கும். வரிசைகளாகத் தைத்தால் நீண்ட பட்டைகளை வளைத்து வளைத்து இணைக்க வேண்டும்.

எல்லாப் பூக்களையும் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பார்த்த பிறகே இணைக்கத் தொடங்குங்கள். நிறத்தைவிட வெளிர், அடர் என்ற வேறுபாடுதான் வடிவத்தை எடுத்துக்காட்டும். சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பூவும் பாதையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் துணியை மாற்றுங்கள்.

தாளை எப்போது எடுப்பது?

ஆறு பக்கமும் இணைந்த துண்டிலிருந்து மட்டும். முதலில் தாளோடு சேர்த்து இஸ்திரி போட்டு மடிப்பைப் பதியவைத்து, பிறகு எடுங்கள். பசை விடாப்பிடியாக இருந்தால் ஈர விரலால் தொட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். ஓரத்துத் துண்டுகளின் தாள் கடைசிவரை இருக்கட்டும். அது போனால் ஓரம் உருக்குலையும்.

பல் பல்லாக நிற்கும் ஓரத்தை என்ன செய்வது?

எளிய வழி, ஒரு நீளத் துணியைக் கரைப்பட்டையாக வைத்து, பல்போன்ற ஓரத்தை அதன் மேல் படியவைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் தைப்பது. அரை அறுகோணங்களை இட்டு நிரப்பியும் ஓரத்தை நேராக்கலாம். சிலர் நேராக நறுக்கி, ஓரத்தை மூடும் துணிப்பட்டையான பைப்பிங் வைத்துவிடுவார்கள்; அப்படி நறுக்குமுன் வெட்டப்போகும் கோட்டுக்கு உள்ளே ஒரு மெஷின் தையல் ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் கைத்தையல்கள் முனையிலிருந்து பிரிந்துகொண்டே வரும்.

மூன்றடுக்காக்கித் தைக்கும்போது ஊசி இறங்க மறுக்கிறது. ஏன்?

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் அடித்துணி என்று மூன்றடுக்கு. அறுகோணத்தின் ஓரத்தில் கால் அங்குலத்துக்குத் துணி இரட்டையாக மடிந்திருக்கிறது, மூலைகளில் இன்னும் கூடுதல். அங்கே குத்தினால் கை வலிக்கத்தான் செய்யும். மடிப்பு முடியும் இடத்துக்குச் சற்று உள்ளே, அறுகோணத்துக்குள் இன்னொரு சிறிய அறுகோணமாகத் தையல் ஓட்டுங்கள். மெல்லிய பஞ்சு விரிப்பாக இருந்தால் இன்னும் சுலபம்.

எப்படித் துவைப்பது?

குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, படுக்கைவசமாக நிழலில் காயவையுங்கள். ஈரக் கனத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தையல்கள் இழுபடும்.

வீட்டில் யாரோ எப்போதோ தைத்து, தாளோடு பாதியில் விட்ட வேலை கிடைத்திருக்கிறது. முடிக்கலாமா?

முதலில் ஒரு தாளையும் உருவாதீர்கள். அந்தக் காலத்தில் தாளுக்கென்று தனியாக யாரும் வாங்கவில்லை. கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், பள்ளி நோட்டுகள், செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் வெட்டினார்கள். பழைய ஒட்டுவேலைகள் எந்தக் காலத்தவை என்று கணிக்க அருங்காட்சியகங்களில் இந்தத் தாள்களில் உள்ள எழுத்தையும் தேதியையும் பார்க்கிறார்கள். தாளில் தெரியும் ஆண்டுக்கு முன்னால் அந்தத் துண்டு தைக்கப்பட்டிருக்க முடியாது. பின்பக்கத்தை முழுவதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி உறுதியாக இருந்து, தாள்களில் எழுத்து எதுவும் இல்லையென்றால், தாராளமாகத் தொடருங்கள். பழைய தாளில் ஒன்றை அளந்து அதே அளவில் புதியவற்றை வெட்டுங்கள். அன்றைய தாள்கள் கையால் வெட்டியவை என்பதால் ஐந்தாறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. துணி தொட்டாலே இற்றுப்போகிறது என்றால் முடிக்க வேண்டாம். அமிலமில்லாத மெல்லிய தாளை இடையில் வைத்து, வெயில் படாத இடத்தில் விரித்தபடியோ சுருட்டியோ வையுங்கள். மடித்துத்தான் வைக்க முடியும் என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பு விழும் இடத்தை மாற்றுங்கள்.